மாவைக் குழந்தைகளிடம் கொடுங்கள்: வீட்டில் பன் சுட ஒரு வழிகாட்டி

முதல் தடவை வீட்டில் ரொட்டி சுட்டு மேசையில் வைத்தபோது என் அம்மா கேட்டது: "யாருக்குடா காய்ச்சல்?" மதுரையில் அவர் தலைமுறைக்கு பிரெட் என்றால் அதுதான். காய்ச்சல் வந்தால் பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு பாக்கெட் வாங்கிப் போவார்கள். யாழ்ப்பாணத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே பாணும் சம்பலும் அன்றாடச் சாப்பாடு. பாண் என்றால் பிரெட்தான்; அந்தப் பெயரே போர்த்துக்கீசியர் விட்டுப் போனது. நம் பக்கத்தில்தான் ரொட்டி இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறது. பேக்கரியில் வாங்குகிற பொருள் என்று மனதில் பதிந்துவிட்டதால் வீட்டிலும் செய்யலாமே என்று பலருக்குத் தோன்றுவதில்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்யலாம் என்று தோன்றுவது அதைவிட அபூர்வம்.

எனக்கு ஏழு வயதில் ஒரு மகள், நாலு வயதில் ஒரு மகன். இரண்டு வருடமாக ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் சேர்ந்து பன் சுடுகிறோம். நான் பேக்கரிக்காரன் இல்லை. ஆனால் கெடுக்கக்கூடிய எல்லா வழிகளிலும் ஒரு தடவையாவது கெடுத்திருக்கிறேன். அந்தத் தகுதியில் இதை எழுதுகிறேன்.

கேக் வேண்டாம், ரொட்டி போதும்

குழந்தைகளோடு ஏதாவது சுடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேக்கில்தான் கை வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கேக் மாவை அதிகம் கலக்கினால் கேக் கெட்டியாகிவிடும். கலவையில் பச்சை முட்டை வேறு. அதனால் அந்த அரைமணி நேரமும் என் வாயில் "போதும், விடு", "அதைத் தொடாதே" இரண்டைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பிள்ளைகளுக்குக் கிடைத்தது முட்டை உடைக்கிற அரை நிமிடம்தான்.

ரொட்டி மாவு நேர் எதிர். அடி, குத்து, இழு, தூக்கிப் போடு. எவ்வளவு போட்டு உருட்டுகிறார்களோ அவ்வளவு நன்றாக வரும். காரணம் கோதுமையில் இருக்கிற கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள். தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற வலையாகின்றன. பிசையப் பிசைய வலை இறுகும். பிறகு ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்துவைப்பது இந்த வலைதான். பரோட்டாக் கடை வாசலில் நின்றிருக்கிறீர்கள் அல்லவா? மாஸ்டர் மாவைத் தூக்கி வீசும்போது அது கிழியாமல் வேட்டி மாதிரி விரிகிறதே, அதே வலைதான். அரிசி மாவில் இது நடக்காது. அதனால்தான் அரிசி மாவைப் பிசைந்து யாரும் பரோட்டா வீசுவதில்லை.

நாலு வயதுக் குழந்தையின் கை எதற்கென்றே படைக்கப்பட்டிருக்கிறதோ, ரொட்டி மாவு கேட்பதும் அதையேதான்.

இன்னொன்று. முழு பிரெட்டாகச் சுடாதீர்கள், பன்னாகச் சுடுங்கள். முழு பிரெட் என்றால் ஒரு மாவு, ஒரு அச்சு, அதற்கு ஒரு முதலாளி. சண்டைக்கு வேறு காரணமே வேண்டாம். பன் என்றால் ஆளுக்கு ஓர் உருண்டை. என் மகனின் உருண்டை அடுப்புக்குள் போவதற்குள் சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். மூன்று முறை தரையைத் தொட்டுவிட்டும் வந்திருக்கும். பரவாயில்லை, அதையும் சுடுவோம். மீதி ஏழெட்டு உருண்டை வீட்டுக்கு. அவன் மாவை நீங்கள் திருத்தப் போகாமல் இருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் போகும்.

என்ன வேண்டும்

ஒன்பது சின்ன பன்னுக்கு:

மைதா 300 கிராம்
இன்ஸ்டன்ட் ட்ரை ஈஸ்ட் 1 டீஸ்பூன் (3 கிராம்)
சர்க்கரை ஒன்றரை டேபிள்ஸ்பூன்
உப்பு 1 டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைய (5 கிராம்)
பால் 100 மில்லி, தண்ணீர் 90 மில்லி
வெண்ணெய் 25 கிராம்
மேலே தடவ இரண்டு ஸ்பூன் பால், விருப்பம்போல் எள், உலர் திராட்சை

முடிந்தால் ஒரு சின்ன எடை மெஷின் வாங்கிவிடுங்கள். 240 மில்லி கப்பில் மைதாவை அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரும், லேசாகத் தூவி நிரப்பினால் 125 கிராம்தான் வரும். ஒரு கப்புக்கே இருபத்தைந்து கிராம் வித்தியாசம் என்றால் மாவு ஒரு நாள் கல்லாகவும் ஒரு நாள் கூழாகவும் இருப்பதில் ஆச்சரியம் என்ன? அதோடு, எடை மெஷின் இருந்தால் மகளுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்துவிடும். "முந்நூறு வந்ததும் நிறுத்து" என்றால் இரண்டு கிராம் கூடினால்கூட ஸ்பூனால் திரும்ப எடுப்பாள். என்னைவிடச் சுத்தமாக அளப்பாள்.

மைதாவா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: 100 கிராம் மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள், ஆட்டா அதிகம் குடிக்கும். முழுக்க ஆட்டாவில் செய்வதை முதல் மாதத்தில் முயல வேண்டாம். தவிடு குளூட்டன் வலையை அறுத்துக்கொண்டே இருக்கும். பன் உப்பாமல் அடையாகிவிடும். பிள்ளைகள் இரண்டாம் முறை கூடச் சேரமாட்டார்கள்.

பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் விடலாம். நல்லெண்ணெய் வேண்டாம், வாசனை தூக்கலாக இருக்கும்.

ஈஸ்ட் ஓர் உயிர்

கடையில் இரண்டு வகை உலர் ஈஸ்ட் கிடைக்கும். இன்ஸ்டன்ட் என்று போட்டிருந்தால் மாவில் நேரடியாகக் கலக்கலாம். ஆக்டிவ் ட்ரை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையோடு பத்து நிமிடம் ஊறவிட்டு, நுரைத்த பிறகே ஊற்ற வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இன்ஸ்டன்ட் வாங்குங்கள். பாக்கெட்டைத் திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் அலமாரியில் கிடந்தால் சீக்கிரமே செத்துவிடும்.

செத்துவிடும் என்பதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. ஈஸ்ட் என்பது ஒரே செல் கொண்ட பூஞ்சை, காளானுக்குத் தூரத்துச் சொந்தம். மாவில் இருக்கிற சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளியே விடும். முப்பதிலிருந்து முப்பத்தைந்து டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். ஐம்பத்தைந்து, அறுபது டிகிரி வந்தால் மரணம். இது தெரியாமல் முதல் தடவை நான் கொதிக்க வைத்த பாலைக் கொஞ்சம் ஆறவிட்டு அப்படியே ஊற்றினேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மாவு வைத்தது வைத்தபடி இருந்தது. பாத்திரத்தை எட்டிப் பார்த்த மகள், "அப்பா, இது தூங்குதா, செத்துப் போச்சா?" என்றாள். அன்றைக்கு அந்த மாவைச் சப்பாத்தியாகத் தேய்த்து முடித்தோம்.

கணக்கு எளிது: கைக்குழந்தையைக் குளிப்பாட்ட எந்தச் சூட்டில் தண்ணீர் விளாவுவீர்களோ, அதற்குமேல் போகக்கூடாது. இதுவும் மார்கழி, தைக்குத்தான். சித்திரை, வைகாசியில் மதுரையில் குழாயைத் திறந்தாலே வெந்நீர் வருகிறது. அப்போது பானைத் தண்ணீர் போதும்.

ரொட்டி சுடுவதற்கு முந்தின நாள் இந்த விளையாட்டைக் காட்டிவிடுங்கள். ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலில் அரை டம்ளர் வெதுவெதுப்பான நீர், ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. ஆட்டிவிட்டு, வாயில் ஒரு பலூனை மாட்டுங்கள். பலூனை முன்பே ஒருமுறை ஊதி இளக்கியிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பலூன் மெல்ல நிமிர்ந்து நிற்கும். மறுநாள் மாவு உப்பும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று நீங்கள் விளக்கவே வேண்டாம். என் மகன் இப்போதும் ஈஸ்ட்டை "பலூன் பூச்சி" என்றுதான் சொல்கிறான். பூச்சி இல்லை என்று திருத்திப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

நேரத்தைப் பிரிப்பது

தொடக்கத்திலிருந்து சாப்பிடுவது வரை மூன்று மணி நேரம் ஆகும். இதைக் கேட்டுப் பயந்துபோகாதீர்கள். அதில் கை வேலை முக்கால் மணி நேரம்கூட இல்லை, மீதியெல்லாம் மாவு தன் பாட்டுக்கு வேலை பார்க்கிற நேரம். குழந்தைகளுக்கு வேலை நான்கு துண்டாக வரும்: அளப்பது ஐந்து நிமிடம், பிசைவது பதினைந்து, உருட்டுவது பதினைந்து, பால் தடவுவது ஐந்து. நடுவில் அவர்கள் விளையாடப் போகட்டும். மாவு பக்கத்தில் உட்காரவைத்து "பொறுமையாப் பாரு" என்று சொன்னால் யாருக்கும் பொறுமை இருக்காது, நமக்குத்தான் முதலில் போகும்.

நாங்கள் காலை ஒன்பது மணிக்குத் தொடங்குவோம். இட்லி சாப்பிட்டு வயிறு நிறைந்த பிறகு. பசியோடு இருக்கிற குழந்தை மாவைத் தின்னும். அது கூடாது. மாவை மில்லில் அரைக்கும்போது வேகவைப்பதில்லை. பச்சை மாவில் நோய்க் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. ஈஸ்ட் கலந்த மாவு வயிற்றுக்குள் போயும் காற்றடிக்கும். நான் ஒரு கிண்ணத்தில் உலர் திராட்சை வைத்துவிடுவேன், வாய்க்கு வேலை வந்துவிடும். முழு முந்திரி, பாதாம் சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும், அதை வைக்காதீர்கள்.

கலப்பது, பிசைவது

அகலமான பாத்திரத்தில் மைதா, சர்க்கரை, ஈஸ்ட் மூன்றையும் போட்டுக் கையால் துழாவச் சொல்லுங்கள். பிறகு உப்பு. உப்பை மறந்தால் மாவு குதித்துக்கொண்டு உப்பும், ஆனால் வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும். பாலையும் தண்ணீரையும் கலந்து பெரியவர் மெல்ல ஊற்ற, பிள்ளை ஒரு கரண்டியால் கிளற வேண்டும். உலர்ந்த மாவு எங்கும் தெரியாத அளவுக்குச் சேர்ந்தால் போதும். பார்க்கக் கரடுமுரடாக, அசிங்கமாகத்தான் இருக்கும்.

இப்போது மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் எழுந்து போங்கள். சப்பாத்தி மாவை ஊறவைப்பது எல்லோருக்கும் தெரியும், இதுவும் அதுதான். நீங்கள் தொடாமலேயே வலையில் பாதி பின்னிவிடும். பிள்ளைகளின் சின்னக் கைக்கு வேலை பாதியாகும்.

திரும்ப வந்ததும் வெண்ணெயைச் சேர்த்துப் பிசையத் தொடங்குங்கள். முதல் மூன்று நிமிடம்தான் சோதனை. மாவு கையெல்லாம் ஒட்டும், விரல் இடுக்கில் போகும், மகன் அலறுவான். எல்லோரும் தவறு செய்கிற இடம் இதுதான்: பயந்துபோய் மேலும் மேலும் மைதா தூவுவார்கள். பன் கட்டையாகப் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தத் தூவல்தான். பலாப்பழம் உரிக்கும்போது என்ன செய்கிறோம்? கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறோம். இங்கேயும் அதையே செய்யுங்கள். மேடையில் ஒரு சொட்டு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு சொட்டு.

பிசையும் விதத்தைக் காட்ட எனக்கு உதவியது என் அம்மாதான். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி தள்ள வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "கல்லுல துணி தொவைக்கிற மாதிரின்னு சொல்லேன்டா" என்றார். துவைக்கிற கல்லையே பார்த்திராத என் மகளுக்கு அப்பத்தா எழுந்து வந்து காட்ட வேண்டியிருந்தது. ஒரு தள்ளு, ஒரு மடிப்பு, ஒரு திருப்பு. ஐம்பது வருடம் துணி துவைத்த கை அது. நான் பத்து நிமிடத்தில் கொண்டுவருகிற பதத்தை ஆறு நிமிடத்தில் கொண்டுவந்தது.

நாலு வயதுக்காரனுக்கு இந்த முறையெல்லாம் வேண்டாம். அவனுக்கு ஒரு பிடி மாவைத் தனியாகக் கொடுங்கள். பாம்பாக இழுக்கட்டும், மேடையில் ஓங்கி அடிக்கட்டும், முஷ்டியால் குத்தட்டும். பாட்டு பாடிக்கொண்டு அடித்தால் நேரம் போவது தெரியாது. மேடை எட்டவில்லை என்றால் ஸ்டூலில் ஏற்றாதீர்கள். மாவுக் கையோடு வழுக்குவான். தரையில் பழைய பாயை விரித்து, அதன்மேல் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். நம் பாட்டிமார் எல்லா மாவையும் தரையில் உட்கார்ந்துதான் பிசைந்தார்கள்.

பதம் வந்துவிட்டதா என்று பார்க்க எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி எடுத்து இரண்டு கை விரலாலும் மெல்ல விரியுங்கள். கிழியாமல் சவ்வு போல விரிந்து, ஜன்னல் பக்கம் பிடித்தால் அதன் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம். மகள் இதை வைத்து என் முகத்தைப் பார்ப்பாள். "அப்பா, உன் மூக்குத் தெரியுது" என்றால் பிசைவது முடிந்தது.

முதல் உப்பல்

உருட்டி, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு, ஈரத்துணியாலோ தட்டாலோ மூடுங்கள். அளவு இரு மடங்காக வேண்டும். கண்ணாடிப் பாத்திரமோ உயரமான பிளாஸ்டிக் டப்பாவோ இருந்தால் மாவின் உயரத்துக்கு ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவையுங்கள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பிள்ளைகளே வந்து வந்து பார்ப்பார்கள்.

எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைக் கேட்காதீர்கள். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் ஒன்றரை மணி நேரம் என்று இருக்கும். அதை நம்பி மே மாதத்தில் மாவை விட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நிற்கும். எங்கள் வீட்டில் கோடையில் நாற்பது நிமிடம், மார்கழியில் ஒன்றேகால் மணி. இட்லி மாவு வைத்துப் பழகிய வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர்காலத்தில் மாவைப் போர்த்தி வைப்போமே, அதே புத்திதான். ஒரே வித்தியாசம், இட்லி மாவில் ஈஸ்ட் போடுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் தானாக வருகிற பாக்டீரியா அதைப் பொங்கவைக்கிறது. அதனால் அங்கே புளிப்பு சேர்கிறது, ஓர் இரவு பிடிக்கிறது.

சோதனை இப்படி: ஒரு விரலை மைதாவில் தோய்த்து மாவின் நடுவில் குத்துங்கள். குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. மெல்ல, பாதி மட்டும் மேலே வந்தால் தயார். குத்தியதும் மாவே பொசுக்கென்று அமுங்கினால் தாமதமாகிவிட்டது. முதல் உப்பலில் தாமதமானாலும் குடி முழுகிவிடாது, திரும்ப உருட்டிக்கொள்ளலாம். குத்துவதற்கு எங்கள் வீட்டில் முறை வைத்திருக்கிறோம். ஒரு தடவை அவள், அடுத்த தடவை அவன். முறை வைக்காத அன்றைக்கு மாவில் பதினான்கு ஓட்டை இருந்தது.

உருட்டுவது

மாவை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அறுபது அறுபது கிராமாக ஒன்பது துண்டு போடுங்கள். மாவை ரப்பர் போல இழுத்துப் பிய்க்காதீர்கள், கத்தியால் வெட்டுங்கள். அது உங்கள் வேலை.

பெரிய பிள்ளைக்கு உருட்டக் கற்றுக்கொடுக்கலாம். துண்டின் ஓரங்களை இழுத்து நடுவில் சேர்த்து, கொழுக்கட்டை மூடுவது போலக் கிள்ளி, அந்தப் பக்கத்தைக் கீழே வைத்து, உள்ளங்கையைக் கூடு போலக் கவிழ்த்து மேடையில் வட்டமாகச் சுற்ற வேண்டும். மேல்தோல் இறுகி மொழுமொழுவென்று ஆகும். தோல் இறுகினால்தான் பன் உயரமாக எழும்பும். இல்லையென்றால் பக்கவாட்டில் பரவும். கொழுக்கட்டை பிடித்த அனுபவம் இருக்கிற வீட்டில் இது இரண்டாவது உருண்டையிலேயே வந்துவிடும்.

சின்னவனுக்கு உருவம்தான் முக்கியம். ஆமை, நத்தை, பாம்பு. ஆமைக்கு மிளகால் கண் வைத்துவிட்டு, பிறகு அதைக் கடித்துவிட்டு அழுததால் இப்போது கண்ணுக்குக் கருப்பு எள். ஒன்று சொல்ல வேண்டும்: ஒல்லியான வால், காது எல்லாம் சீக்கிரம் கருகும். உருவம் தடிமனாக இருக்கட்டும்.

வெண்ணெய் தடவிய தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். யாருடையது எது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வெந்த பிறகு எல்லா நத்தையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்புறம் நடக்கிற வழக்கை எந்தக் கோர்ட்டும் தீர்க்க முடியாது.

துணி மூடி மறுபடி இருபத்தைந்திலிருந்து நாற்பது நிமிடம். இந்த இரண்டாவது உப்பலில் கவனம் தேவை. இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போதே அடுப்புக்குள் போய்விட வேண்டும். மீதி உப்பலை அடுப்புக்குள் அது பார்த்துக்கொள்ளும். இங்கே அதிக நேரம் விட்டால் சூட்டில் சட்டென்று அமுங்கிப் பள்ளம் விழும்; சரிசெய்யவும் முடியாது. பன் பாதி உப்பியதும் ஓவனை 190 டிகிரியில் போடுங்கள்.

அடுப்பு

இதுவரை வீடு பிள்ளைகளுடையது. இனி இல்லை. ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் கதவின் கண்ணாடி வெளிப்பக்கமும் கையைச் சுட்டுவிடும் அளவுக்குக் காயும். நான் ஓவனுக்கு மூன்றடி முன்னால் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுவேன். லட்சுமணன் கோடு. கதையை ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். என் மகன் கோட்டைத் தாண்டுகிறவர்களைக் காவல் காப்பதையே வேலையாக வைத்துக்கொண்டான். அவன் அம்மாவையே ஒருநாள் மடக்கினான்.

தட்டை உள்ளே வைப்பதற்கு முன், கோட்டுக்கு இந்தப்பக்கம், பன்மேல் பால் தடவுகிற வேலை. பிரஷ் இல்லையென்றால் விரலே போதும். அமுக்காமல், பூனையைத் தடவுவது போல. எள்ளைத் தூவிவிட்டு, நடுத்தட்டில் வைத்து, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டுப் பதினெட்டிலிருந்து இருபது நிமிடம். மேலே சீக்கிரம் சிவந்தால் கடைசி ஐந்து நிமிடம் ஒரு அலுமினியத் தாளை மூடுங்கள். ஒவ்வொரு ஓவனும் ஒரு குணம். என்னுடையது இடது பின்மூலையில் கொதிக்கும், அதனால் பத்தாவது நிமிடத்தில் தட்டைத் திருப்பிவைப்பேன். வெந்ததா என்று பார்க்க ஒரு பன்னைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டுங்கள். காலி டப்பா மாதிரிச் சத்தம் வர வேண்டும்.

கரண்ட் போனால்? கதவைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கிற சூட்டில் பத்து நிமிடம் ஓட்டிவிடலாம். அதற்கும் மேலே போனால் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, பன்னை அடுக்கி, குழிவான மூடியால் மூடிவிடுங்கள். அடி சிவந்து மேலே வெள்ளையாக இருக்கும், ஆனால் வெந்துவிடும்.

ஓவனே இல்லாத வீட்டில் அடிகனமான பெரிய பாத்திரத்துக்குள் ஒரு வளையம் அல்லது ஸ்டாண்டை வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் காயவையுங்கள். பன் தட்டை அதன்மேல் இறக்கி, மூடி, தீயைக் குறைத்து இருபத்தைந்து நிமிடம். கடைசியில் தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டு மேல்பக்கத்தை ஒரு நிமிடம் பிரட்டினால் நிறம் வரும். எங்கள் முதல் ஆறு மாதப் பன் எல்லாம் இப்படித்தான் வெந்தது.

சரியாக வராவிட்டால்

கனமாக, பிசுபிசுவென்று இருந்தால் மாவு போதிய அளவு உப்பவில்லை, அல்லது நான் மேலே சொன்ன மைதாத் தூவல். ஈஸ்ட் நெடி தூக்கலாக இருந்தால் மாவு அதிக நேரம் வெளியே கிடந்திருக்கிறது. அடுத்தமுறை ஈஸ்ட்டை முக்கால் டீஸ்பூனாகக் குறையுங்கள். தோல் விறைப்பாக இருந்தால் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு வெண்ணெய் தடவி, ஒரு துணியைப் போர்த்துங்கள். கால் மணி நேரத்தில் இளகிவிடும்.

கடை பன் மாதிரிப் பஞ்சாக வரவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். வராது. கடையில் மாவு மென்மையாக இருக்க வேறு சில பொருள்கள் சேர்ப்பார்கள். பொட்டாசியம் புரோமேட் என்று ஒன்றை முன்பு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2016ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடைசெய்தது. வீட்டுப் பன் அன்றைக்கு மிருது, மறுநாள் கொஞ்சம் இறுக்கம். எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஆறவிடுவது, வைத்திருப்பது

சுடச்சுடப் பிய்க்கத்தான் எல்லோருக்கும் கை வரும். பதினைந்து நிமிடம் தாங்குங்கள். உள்ளே இன்னும் ஆவி இருக்கிறது. இப்போதே கடித்தால் நாக்கு வேகும், உள்பக்கம் மாவாக ஒட்டும். அந்தக் கால் மணி நேரத்தில் மேடையையும் தாம்பாளத்தையும் பாயையும் துடைத்துவிடலாம். காய்ந்த மாவை வெந்நீரில் கழுவாதீர்கள், பசையாகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டுத் தேய்த்தால் சட்டென்று வரும்.

அன்றைக்கே தின்று தீராதது என்று ஒன்றிரண்டு மிஞ்சினால் காற்றுப் புகாத டப்பாவில் வெளியே இரண்டு நாள் இருக்கும், மழைக்காலத்தில் ஒரு நாள். ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சை பிடிக்க நாளாகும், ஆனால் பன் சீக்கிரம் இறுகிப்போகும். ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் சுடவைப்பது நல்லது. இறுகிப்போனதை வெட்டி, வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து உப்புமா செய்துவிடுவார் அம்மா.

டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கட்டும். மகன் தன் முதல் ஆமையைத் தின்ன மனசில்லாமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். காலையில் படுக்கை முழுக்க எறும்பு. ஆமைக்கு ஒரு காலைக் காணோம்.